பி புளோக் லிஃப்ட் போட்ட குலவை

கிள்ளானில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கையுறைத் தொழிற்சாலைகளுக்கும் மீன் பசாருக்கும் நடுவில், பன்னிரண்டு மாடியும் உயிரோடு ஒரே ஒரு லிஃப்டும் கொண்ட ஓர் அடுக்குமாடி இருந்தது, இன்னும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், லிஃப்ட் ஓடினால் ஏறலாம், ஓடாவிட்டால் படியில் ஏறி மூச்சு வாங்கலாம். அங்கே பி புளோக்கில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லோரும் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுகிற ரொஹானியின் மருமகள் ஆயிஷா ஒரு கையில் மீன் பையும் இன்னொரு கையில் கீரைக்கட்டுமாக ஏறி ஒன்பதாம் எண்ணை அமுக்க, நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் லிஃப்ட் குலவை போட்டது.

இரும்பு இரும்போடு உரசிக் கத்திய சத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். நாக்கு வாய்க்குள் சுழன்று, தொண்டையிலிருந்து கிளம்பி, மூன்று தடவை மேலே ஏறி, கடைசியில் சின்னதாக ஒரு விக்கல் விக்கி நிற்கிற, அம்மன் கோயில் தீமிதியிலும் கல்யாண மேடையிலும் நம் பெண்கள் போடுகிற அதே அசல் குலவை. ஆயிஷாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும், மீன் பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதில் கதவு திறந்தபோது எதிரே நின்ற மாமியார் ரொஹானி மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கை வயிற்றில் இருப்பதைப் பார்த்தாள், "எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். மூன்று வாரம் ஆகியிருந்தது, ஆயிஷா புருஷனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

ஏன், எப்படி என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஒருத்தர் கேட்கவில்லை. அடுத்து யாருக்கு என்றுதான் கேட்டார்கள். அடுத்தது வியாழக்கிழமை, மூன்றாம் மாடி ஆ செங்குக்கு. நாற்பது வருஷமாகக் காய்கறி வேன் ஓட்டுகிற, அதிலேயே பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப் போகிற மனிதர், அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டுத் திரும்பி லிஃப்டில் கால் வைத்ததுதான் தாமதம், மூன்று மாடிக்கும் விடாமல் குலவை. கதவு திறந்ததும் கூடிவிட்டார்கள். என்ன அங்கிள் விசேஷம், சொல்லுங்க அங்கிள் என்று பிடுங்கி எடுத்ததில், அறுபத்து மூன்று வயதில், நாலாவது முயற்சியில், தனக்கு டிரைவிங் லைசன்ஸ் கிடைத்துவிட்டதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அப்போ நாப்பது வருஷமா லைசன்ஸ் இல்லாமலா எங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போனீங்க?" என்று கேட்டார்கள்.

தமிழர்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பாவுக்குப் பிறந்தவர் ஆகையால் ஆ செங் பிழையில்லாமல் தமிழில் மழுப்புவார். "மனசுல இருந்திச்சு லா. பேப்பர்ல மட்டுந்தான் இல்ல," என்றார்.

லிஃப்ட் கம்பெனிக்காரன் வந்தான். மூடியைக் கழற்றினான், எண்ணெய் விட்டான், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கீழே இறங்கினான். இறங்கும்போதே அவனுக்கும் ஒரு குலவை விழுந்தது. தரைத்தளத்தில் வெளியே வருகிறான், போன் அடிக்கிறது, வீட்டில் இரட்டைப் பிள்ளை. அதற்கப்புறம் அவன் எதற்குக் குறை சொல்லப்போகிறான், போகிறபோது லிஃப்டின் கதவைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இந்த இடத்தில் ஏழாம் மாடி தனபாக்கியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பத்தைந்து வயது, கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை இருக்கிறதா என்று கையுறைகளில் காற்றடித்துப் பார்க்கிற வேலை, இருபத்தாறு வருஷ அனுபவம். அடுக்குமாடிக் குழுவுக்குச் செயலாளர். புருஷன் நாகப்பன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். ஒரே மகள் லோஷினி. அந்த அடுக்குமாடியின் பதினாலாவது விதியை எழுதியவள் இவள்தான். சிங்க நடனத்து மத்தளம், மலாய்க் கல்யாணத்துக் கொம்பாங் மேளம், உறுமி, பட்டாசு, குலவை, எந்த இனத்தாரின் எந்த ஓசையும் பொது இடத்தில் கூடாது, இது பல இனத்தார் வாழும் இடம், அவரவர் சம்பிரதாயத்தை அவரவர் கதவுக்குள் வைத்துக்கொள்ளவும் என்று மூன்று மொழியில் அச்சடித்து லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருந்தாள். எல்லோர் வாயையும் சமமாக அடைத்ததால் யாராலும் சண்டைக்கு வர முடியவில்லை.

நல்ல விதிதான் என்று படித்த பிள்ளைகள் பாராட்டினார்கள். ஆனால் அவள் அதை எழுதியது பல இனத்தாருக்காகவும் இல்லை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தி, மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில், நாகப்பனின் தங்கை விசாலாட்சி பக்கத்தில் வந்து, முழங்கையை மெதுவாகப் பிடித்து, "அண்ணி, கொஞ்சம் தூணுக்குப் பின்னால நில்லுங்க, தப்பா எடுத்துக்காதீங்க, பிள்ளை நல்லா இருக்கணும்ல," என்று சொல்லி நகர்த்தினாள். தனபாக்கியம் தப்பாகவே எடுத்துக்கொள்ளாமல் நகர்ந்தாள். ஆறாம் கட்டைத் தோட்டத்தில் பதினாறு வயதில் இவள் குலவை போட்டால் அடுத்த டிவிஷன் வரைக்கும் கேட்கும் என்பார்கள், அப்படிப்பட்டவளுக்கு, கெட்டிமேளம் கொட்டியபோது நாக்கு தானாக மடங்கியது, தொண்டை வரைக்கும் குலவை வந்துவிட்டது, தாலி அறுத்தவள் போடக்கூடாதே என்று அப்படியே விழுங்கிவிட்டாள். சுடுபொங்கலை அள்ளி விழுங்கினாற்போல நெஞ்சுக்குள் இறங்கியது. பிறகு ஒரு நாள் லிஃப்டில் தனியாக முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டபோது, விக்கி விக்கி, எதுவோ கழன்று போனதுபோல் நெஞ்சு லேசானது. வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

லிஃப்ட் பாட ஆரம்பித்து ஒரு மாதம் வரைக்கும் இவள் காதில் அது விழவேயில்லை, ஏனென்றால் பகலெல்லாம் தொழிற்சாலையில் இருப்பாள், இவள் ஏறினால் அது வாயைத் திறக்காது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் ஏறும் கிணறு முழுக்க நிறைந்து ஒரு குலவை கிளம்பி மேலே மேலே வந்தது, ஏழாம் மாடியில் நின்றது, கதவைத் தட்டிக்கொண்டு லோஷினி உள்ளே வந்து, "ம்மா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று தாய்க்குத் தெரிந்துவிட்டது. அதைவிட இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அந்த மூன்று ஏற்றம், அந்தக் கடைசி விக்கல். தோட்டத்தில் அப்படி விக்கி நிறுத்துகிறவள் ஒருத்திதான் இருந்தாள். அது தன்னுடைய குலவை. தன் தொண்டையை விட்டுப் போய், தன்னைக் கேட்காமல், ஊரான் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறது.

அவள் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், எதற்காக அழுகிறாள் என்று மகளிடம் பாதிதான் சொன்னாள்.

ஊர் என்ன செய்தது? ஊர் லிஃப்டைப் பழக்கிக்கொண்டது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் முதலில் பன்னிரண்டாம் மாடிக்குப் போய் இறங்கி வந்து பார்த்துக்கொண்டான், சத்தம் வராவிட்டால் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி ஏறினான். பெண் பார்க்க வந்தவர்களை இரண்டு நடை கூடுதலாக ஏற்றி இறக்கினார்கள். மறைக்க வேண்டியது இருந்தவர்களெல்லாம் படியில் நடந்தார்கள், அதனாலேயே யார் படியில் போகிறார்கள் என்று மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பத்தாம் மாடிப் பஞ்சாபிப் பையனும் ஐந்தாம் மாடித் தமிழ்ப் பெண்ணும் வெவ்வேறு நேரத்தில் ஒரே படியில் மூச்சு வாங்கியது அப்படித்தான் வெளியே வந்தது. ஆ செங் லிஃப்டுக்குள் அதிர்ஷ்டத்துக்குச் சிவப்புத் தாள் ஒட்டினார். மக்சிக் ரொஹானி சூராவ் என்கிற சின்னத் தொழுகைக்கூடத்திலிருந்து இமாமைக் கூட்டி வந்தாள்; அவர் மேலும் கீழும் இரண்டு தடவை போய்வந்து, பேயுமில்லை பிசாசுமில்லை, ஆனால் பிரேக்கை மட்டும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கஸ்தூரி ஏறுகிற வரைக்கும். எட்டாம் மாடிக் கஸ்தூரிக்கு அன்றைக்குத்தான் விவாகரத்து கிடைத்திருந்தது. கோர்ட்டிலிருந்து வந்தவள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் நின்றாள். லிஃப்ட் அதுவரை யாருக்கும் போடாத குலவையைப் போட்டது. ஒன்று போட்டு, மூச்சு வாங்கி, இரண்டு போட்டு, எட்டாம் மாடி வந்தும் கதவைத் திறக்காமல் மூன்றாவதையும் முடித்துவிட்டுத்தான் திறந்தது. கஸ்தூரி முதலில் திகைத்தாள், பிறகு வாய்விட்டுச் சிரித்தாள், அவள் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

அவ்வளவுதான், பொங்கி எழுந்துவிட்டார் மருதப்பன். பதினோராம் மாடி, பண்பாட்டுக் கழகத் தலைவர், வேட்டி கட்டினால் மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்காரத் தெரிந்தவர். பொதுக்கூட்டம் கூட்டச் சொன்னார், தனபாக்கியம் கூட்டினாள், தரைத்தள மண்டபம் நிரம்பிவிட்டது.

"குலவைங்கிறது நம்ம முன்னோர் கொடுத்த சொத்து," என்றார் மருதப்பன். "அதுக்கு ஒரு முறை இருக்கு. தாலி கட்டுறதுக்குப் போடுறது, தாலிய கழட்டுறதுக்குப் போடலாமா? சீனனுக்கு, மலாய்க்காரங்களுக்கு, லிஃப்ட் ரிப்பேர் பண்ண வர்றவனுக்கு, கண்டவங்களுக்கெல்லாம் போட்டா அதுக்கு என்னா மரியாதை? முறையா நம்ம மங்கல காரியத்துக்கு மட்டும் போடுற மாதிரி அதத் திருத்தணும்."

"எனக்குப் போட்டது எனக்குத்தானே போட்டிச்சு? வாங்கினத திருப்பிக் கொடுக்க முடியாது லா," என்றார் ஆ செங்.

மக்சிக் ரொஹானி எழுந்தாள். கணீரென்ற மலாயில், என் தங்கச்சி மகன் கல்யாணத்தில் கொம்பாங் அடிக்க விடவில்லை, பதினாலாவது விதி என்றீர்கள், நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டேன், இப்போது உங்கள் குலவை மட்டும் பொழுது விடிந்து பொழுது போனால் லிஃப்டில் ஓடுகிறது, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். பத்துப் பேர் கை தட்டினார்கள். பழைய லிஃப்டைத் தூக்கி எறிந்துவிட்டு வாய் பேசாத புது லிஃப்ட் போடலாம், காலம் மாறிவிட்டது என்று கணினி வேலைக்காரர்கள் சொன்னார்கள். கஸ்தூரி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "என் கல்யாணத்துக்கும் நூறு பேரு குலவை போட்டாங்க. அது பொய்யி. இதுதான் நெசம்."

ஓட்டு எடுத்தார்கள். புது லிஃப்டுக்கு நாற்பத்தொன்று, பழைய லிஃப்டுக்கு நாற்பத்தொன்று. செயலாளர் ஓட்டுப் போடவில்லை. எல்லோரும் தனபாக்கியத்தைப் பார்த்தார்கள். புது லிஃப்ட் என்று சொன்னால், உடம்புக்குள்ளிருந்து வெளியே போன அந்தக் குரல் இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடும்; பழைய லிஃப்ட் என்று சொன்னால், பதினாலாவது விதியை எழுதிய கையாலேயே கிழிக்க வேண்டும்.

"மகளுக்கு வளைகாப்பு வருது. அது முடியட்டும், சொல்றேன்," என்றாள்.

சிரம்பானிலிருந்து விசாலாட்சி வந்து இறங்கினாள். அண்ணன் மகள் வளைகாப்பை வேறு யார் நடத்துவது, எல்லாச் சடங்கும் விரல் நுனியில் வைத்திருப்பவள், எத்தனை சுமங்கலி, எத்தனை வகைச் சோறு, முதலில் வலது கையா இடது கையா என்று பஞ்சாங்கக்காரரையே திருத்துகிறவள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. நாகப்பன் செத்த வருஷம் மாசாமாசம் பஸ் ஏறி வந்து அரிசி மூட்டையைத் தலையில் வைத்துப் படியேறியவள் அவள்தான். அதனால்தான் அவள் ஒன்று சொன்னால் தனபாக்கியத்தால் எதிர்த்துப் பேச முடியாது.

"ஏழு சுமங்கலி சொல்லிட்டேன் அண்ணி. நல்ல நேரம் பத்தரையிலிருந்து பதினொண்ணேகால். அந்த ரூல எடுத்துருங்க, குலவை இல்லாம வளைகாப்பா? நீங்க..." விசாலாட்சி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "நீங்க சமையக்கட்டு பக்கமா பாத்துக்கிட்டா நல்லாருக்கும்."

"என் பிள்ளை கைக்கு நான் ஒரு வளையல் போடக்கூடாதா விசாலாட்சி?"

"நானா அண்ணி சொல்றேன்? முறை சொல்லுது. எல்லாம் முடிஞ்சப்பறம் தனியா போட்டுக்குங்க, யாரு வேணாங்கிறா?"

தனபாக்கியம் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அன்று மத்தியானம் லிஃப்டில் ஏறி, ஏழுக்கும் தரைக்கும் மூன்று தடவை போய்வந்தாள், எனக்கு ஒன்றே ஒன்று போடு என்று கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சினாள். லிஃப்ட் கம்மென்று இருந்தது. நாசமாய்ப் போ என்று அதை ஓர் உதை உதைத்துவிட்டு வந்தாள்.

வளைகாப்பு நாள். தரைத்தள மண்டபத்தில் லோஷினி பச்சைப் பட்டில், ஏழு மாத வயிற்றோடு, அலங்கரித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்து ஓரத்துச் சமையலறையில் தனபாக்கியம், கையில் ரப்பர் உறையோடு புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். பி புளோக்கில் ஷிஃப்டுக்குப் போகாதவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆ செங்கும் அவர் மனைவியும், மக்சிக் ரொஹானியும் ஆயிஷாவும், ஓரமாகக் கஸ்தூரி. மேலே ஏழாம் மாடியில் விசாலாட்சி தலைமையில் ஏழு சுமங்கலிகள், வளையல் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு எல்லாவற்றையும் ஏந்தி, பட்டுப்புடவை சரசரக்க லிஃப்டில் ஏறினார்கள், பத்து இருபத்தைந்து. சந்தனக் கிண்ணம் மட்டும் முன்னாலேயே கீழே வந்திருந்தது.

பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. லிஃப்ட் வரவில்லை. வாசல் காவல் பார்க்கிற ஜாகா ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நின்றுவிட்டது, தட்டினால் திறக்கவில்லை, கம்பெனிக்காரனுக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம்.

ஏழு சுமங்கலியும் அந்தரத்தில். மண்டபத்தில் இருந்த பெண்களை மருதப்பன் எண்ணிப் பார்த்தார். தனபாக்கியம், விதவை. மக்சிக் ரொஹானி, விதவை, அதிலும் முஸ்லிம். கஸ்தூரி, சொல்லவே வேண்டாம். ஆ செங்கின் மனைவி, சீனத்தி. ஆயிஷா, இரட்டை உயிர், அவளே நலுங்கு வைத்துக்கொள்ள வேண்டிய நிலைமை. கல்யாணமான மற்ற தமிழ்ப் பெண்களெல்லாம் தொழிற்சாலை ஷிஃப்டில், மிச்சம் இருந்தவர்கள் கல்யாணமாகாத பிள்ளைகள். "நாள் தள்ளி வச்சிக்கலாம்," என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட் கிணற்றுக்குள்ளிருந்து விசாலாட்சியின் குரல் வந்தது. "மணி என்னா?"

"பத்து அம்பது!" என்று கத்தினான் ஜாகா.

"ஐயோ, ஏழாம் மாசம் முடியுது, தள்ளி வைக்க முடியாது! யாரு இருக்கா அங்க?"

லோஷினி நாற்காலியை விட்டு எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு லிஃப்ட் கதவு வரைக்கும் நடந்து போய், கதவில் வாயை வைத்து, "அத்தை, எங்கம்மா இருக்காங்க," என்றாள்.

கிணற்றுக்குள் ஆறு சுமங்கலிகள் விசாலாட்சியின் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாம் அங்கே இல்லை. லோஷினி பதிலுக்குக் காத்திருக்கவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்து, "ம்மா, வாங்க," என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

தனபாக்கியம் ரப்பர் உறையைக் கழற்றினாள். தன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் அவளுக்கும் இருந்தது, அதை விசாலாட்சி மட்டும் வைத்திருந்ததாக நினைக்க வேண்டாம். ஆனால் நீட்டின கை நீட்டினபடியே இருந்தது, அதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும். சந்தனத்தைத் தொட்டு மகளின் இரண்டு கன்னத்திலும் வைத்தாள்.

"சந்தனம் வச்சாச்சு!" என்று ஜாகா கிணற்றுக்குள் தகவல் சொன்னான்.

"கன்னத்துலயா வச்சீங்க?" என்று விசாலாட்சி பதறினாள். முறை தப்பினால் அவளுக்குப் பொறுக்காது, யார் செய்கிறார்கள் என்பதைவிட எப்படிச் செய்கிறார்கள் என்பது அவளுக்கு முக்கியம், அது பிறவிக் குணம். "கையிலயும் வையுங்க! புறங்கையில! அப்பறம் குங்குமம்! வளையல் வலது கைக்கு மொதல்ல, ஒத்தப்படையா!"

"வளையல் உங்ககிட்டல்ல இருக்கு!" என்றாள் கஸ்தூரி.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கண்ணாடி வளையல் பன்னிரண்டு டஜன், சிவப்பும் பச்சையும், எல்லாம் மூன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். தனபாக்கியத்தின் கை பதினோரு வருஷமாக மொட்டைக் கை. மணி பதினொன்று. மக்சிக் ரொஹானி தன் தங்கக் காப்பை உருவி தனபாக்கியத்தின் உள்ளங்கையில் வைத்தாள். "சடங்கு உன்னோடது, காப்பு என்னோடது. நாளைக்குத் திருப்பிக் கொடு," என்றாள். ஆ செங்கின் மனைவி கல்யாணமான நாளிலிருந்து கழற்றாத பச்சை ஜேட் வளையலை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. சமையலறைக்குக் கூட்டிப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தேய்த்து, ஆ செங் இந்தப் பக்கம் இழுக்க ஆயிஷா அந்தப் பக்கம் இழுக்க, வந்துவிட்டது. பத்தாம் மாடிப் பஞ்சாபிப் பையன் இரும்புக் காப்பைக் கழற்றப் போனான், பிறகு சீக்கியன் அதைக் கழற்றக்கூடாது என்று ஞாபகம் வந்து, தன் பையில் புதிதாக வைத்திருந்த இன்னொன்றை எடுத்து நீட்டினான். யாருக்காக வாங்கி வைத்திருந்தான் என்று அப்போது கேட்க நேரமில்லை, ஐந்தாம் மாடிப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கஸ்தூரி, கல்யாணத்துக்குப் போட்ட கண்ணாடி வளையல் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கிறது, இனி எனக்கு வேண்டாம், நல்லதுக்குப் போகட்டும் என்று தந்தாள்.

"ஒத்தப்படையா! எத்தனை இருக்கு?" என்று கிணறு கேட்டது.

"நாலு!"

"இன்னொண்ணு வேணும்!"

மருதப்பன் முன்னால் வந்து, வெள்ளிக் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பழைய இடத்தில் போய் நின்றுகொண்டார்.

தங்கம், ஜேட், இரும்பு, கண்ணாடி, கடிகாரம் என்று ஐந்தையும் தாய் ஒவ்வொன்றாக மகளின் வலது கையில் ஏற்றினாள். பதினொன்று பத்து.

"குலவை போடுங்கடி!" என்று விசாலாட்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

எல்லோரும் லிஃப்டைப் பார்த்தார்கள். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் போட்ட லிஃப்ட், இதற்கும் போடும் என்று காத்திருந்தார்கள். அது போடவில்லை. உள்ளே இருந்த ஏழு பேரும் போட்டுப் பார்த்தார்கள், உள்ளே மின்காற்றாடி நின்று புழுங்கி, கத்திக் கத்தி நாக்கு வறண்டு, இருமல்தான் வந்தது. பதினொன்று பன்னிரண்டு. "யாராச்சும் போடுங்க! நேரம் போகுது, அண்ணி, நேரம் போகுது!"

அவள் அண்ணி என்று சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

தனபாக்கியம் மகளின் கையைப் பிடித்தபடியே வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு நாக்கு தன் பழைய வழியைத் தேடிக்கொண்டது. ஏறியது, இன்னும் ஏறியது, மூன்றாவது ஏற்றத்தில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, வாசலில் நின்ற பூனை ஓடியது, வயிற்றுக்குள் பிள்ளை புரண்டு படுத்தது, லோஷினி அதைத் தடவிக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தாள். கடைசியில் அந்தச் சின்ன விக்கல்.

"அட, நீதானா!" என்றாள் மக்சிக் ரொஹானி.

"ரூல் நம்பர் பதினாலு!" என்று ஆ செங் கையைத் தூக்கினார், சிரிப்பில் மண்டபம் இரண்டுபட்டது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் லிஃப்ட் தானாக இறங்கி வந்து கதவைத் திறந்தது. அதற்கப்புறம் அது யாருக்கும் குலவை போட்டதில்லை, மற்ற லிஃப்டுகளைப் போல வாரத்துக்கு இரண்டு தடவை கெட்டுப்போவதோடு நிறுத்திக்கொண்டது, ஓட்டுப் போடவும் தேவையில்லாமல் போயிற்று. ஏழு சுமங்கலிகளும் வேர்த்து விறுவிறுத்து, பூ வாடி, குங்குமம் வழிந்து வெளியே வந்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. விசாலாட்சி நேராக லோஷினியிடம் போய் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், ஐந்தையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள், கைக்கடிகாரத்தில் கொஞ்சம் தயங்கினாள், அதையும் சேர்த்துக்கொண்டாள்.

"நேரம் தப்பலயே?" என்று கேட்டாள்.

"தப்பல," என்றாள் தனபாக்கியம்.

விசாலாட்சி வளையல் தட்டைத் தனபாக்கியத்தின் கையில் கொடுத்தாள். தாய் போட்டு முடித்த பிறகு, வந்திருக்கிற பெண்களுக்கெல்லாம் போடுவது முறை. யாருக்கு முதலில் என்று தனபாக்கியம் பார்ப்பதற்குள், விசாலாட்சி எதிரே தரையில் உட்கார்ந்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, தன் பருத்த கையை நீட்டினாள்.

"எனக்குப் போடுங்க அண்ணி."

தனபாக்கியம் தட்டைத் துழாவினாள். பெரிய அளவு மேலேயே இருந்தது. அவள் அடியிலிருந்து ஒரு சின்ன அளவு சிவப்பு வளையலை எடுத்து, நாத்தனாரின் விரல்களைக் குவித்துப் பிடித்து, எலும்பு நெரிய நெரிய, நிதானமாக ஏற்றினாள். விசாலாட்சியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.